உப்பு ஏறாத உயரம்

என் மகனுக்கு, தென்காசியிலிருந்து அம்மா எழுதுவது. சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகம் என்று நீ எழுதினால் நான் நம்பப் போவதுமில்லை. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை அம்மாவாகப் படித்தேன், மற்ற மூன்று தடவையும் சந்தேகக்காரியாகப் படித்தேன். ஹைதராபாத் வேலை பிடித்திருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நான் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டு அளவாக இருக்கிறது, அதைப் போடாமல் பலூன் பெட்டியின் பக்கத்தில்கூடப் போவதில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் நாலு வரியில் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். பலூனில் ஏற்றி அனுப்பும் கண்ணாடித் தட்டுகளில் இருக்கக்கூடாத உப்பு இருக்கிறது. மேலே போய் வந்த தட்டில் மட்டுமல்ல, போகாமல் அலமாரியில் இருந்த தட்டிலும் இருக்கிறது. உனக்கு உதவிக்குப் போட்டிருக்கும் ஆள் கையைக் கழுவாமல் தட்டைத் தொடுகிறவர் என்று உனக்குச் சந்தேகம். 'எல்லாம் மைதீன் வேலைதான் அம்மா, அடுத்த வாரம் மேலே எழுதிக் கொடுத்து ஆளை மாற்றச் சொல்லப் போகிறேன்' என்று முடித்திருக்கிறாய். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். மைதீன் என்பது நம் வீட்டில் புழங்குகிற சொல், அவருடைய சொந்தப் பெயரை மட்டும் நீ எழுதவில்லை.

எழுதிக் கொடுக்காதே. இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் எதையும் எழுதிக் கொடுக்காதே. பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறவன் நீ என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முதலிலேயே சொல்லுகிறேன். சந்தேகப்படுகிற குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. ஆனால் அதை வைத்து நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அது உனக்குத் தெரியாது. திங்கட்கிழமை வரைக்கும் உன் அப்பாவுக்கும் தெரியாது.

பாலித் தீவில் எரிமலை வெடித்ததும், அதற்கப்புறம் மாதக்கணக்கில் நம் ஊரில் சூரியன் மறைந்த பிறகும் குற்றால மலைக்கு மேலே வானம் ஊதாவும் சிவப்புமாகக் கிடந்ததும் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் இருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது மாடியில் நின்று பார்த்தாய். ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சண்டை வரப்போகிறது என்றார்கள், காலரா வரப்போகிறது என்றார்கள். உன் அப்பா கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறவர், வடக்கே யாருக்கோ கடிதம் எழுதினார். வானத்தில் பத்துப் பன்னிரண்டு மைல் உயரத்தில் எரிமலையின் கந்தகம் மிக நுண்ணிய துளிகளாக மிதக்கிறது, அதைப் பிடித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். அங்கிருந்து ரப்பர் பலூன்களும், ஹைட்ரஜன் சிலிண்டர்களும், ஒரு அலுமினியப் பெட்டியும் ரயிலில் வந்து இறங்கின. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பொழுது விடிவதற்குள் மனிதர் குளித்துவிட்டு இலஞ்சிப் பக்கம் போகிறார், வெயில் ஏறத் திரும்பி வருகிறார். 'காத்து அடங்கி இருக்கிற நேரம் அதுதான்' என்றார். பலூன் விடுவதற்கா பெண்டாட்டியிடம் சொல்லாமல் புது வேட்டி கட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அறுவடை முடிந்த வயலில் மூன்று பலூன்களைச் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் மைதீன் நின்றான். என்னைப் பார்த்ததும் மைதீன்தான் சிரித்தான். "சார், அக்கா நம்பலே போலுக்கு, நேருல பாக்க வந்துட்டாவ" என்றான். அன்றைக்கு வெட்கத்தில் நான் வாங்கிக்கொண்ட வேலைதான் பாராசூட் தைக்கிற வேலை.

மைதீனை நீ இரண்டு மூன்று தடவை பார்த்திருப்பாய். தறி நெய்கிற குடும்பம். அவனுக்குத் தறி பிடிக்காமல் ரேடியோ பழுது பார்க்கக் கற்றுக்கொண்டவன். அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அந்தப் பெட்டிக்குள் இருந்த சின்ன மோட்டாரும் பம்பும் அவன் கைக்குத்தான் அடங்கும். மேலே காற்று மெலிந்ததும் பெட்டியின் வாய் தானாகத் திறக்க வேண்டும், பம்பு காற்றை இழுத்துக் கண்ணாடித் தட்டின் மேல் பீய்ச்ச வேண்டும், தட்டில் பூசியிருக்கும் பசையில் தூசி ஒட்ட வேண்டும், இறங்கும்போது வாய் மூடிக்கொள்ள வேண்டும். பலூன் உடைந்ததும் என் பாராசூட்டில் பெட்டி இறங்கும், எங்கே இறங்கினாலும் சைக்கிளில் போய்க் கொண்டு வருகிறவன் மைதீன். இந்த வேலை நன்றாக முடிந்தால் அவனை ஹைதராபாத்துக்குச் சிபாரிசு செய்வதாக உன் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். நீ இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தின் பக்கத்தில் எங்கேயோ அவன் உட்கார்ந்திருக்க வேண்டியவன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

தட்டில் பசை பூசுகிற நாட்களில் நம் வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தாளிக்கக் கூடாது, புகை வரும். ஊதுபத்தி கூடாது. தலையில் பூ வைத்துக்கொண்டு முன்னறைக்குள் வரக்கூடாது. அவரே நெற்றியில் திருநீறு பூசாமல் இருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வைகாசியில் ஒரு நாள் பலூனின் வாயில் குப்பென்று தீப்பிடித்தது. அவருக்குப் புருவமும் வலது கையின் மயிரும் கருகியதோடு போயிற்று. வெறும் நெற்றியோடு நெருப்பில் கை வைக்கிற மனிதரை நான் எப்படி நிம்மதியாக அனுப்புவேன், நீயே சொல். அதுவும் போதாதென்று ஊர் முழுக்க எங்கள் மேல் கண். அந்த வருஷம் சாரல் தள்ளிப் போனது. அருவியில் தண்ணீர் கயிறு கனத்துக்குக்கூட இல்லை. குளிக்க ஆள் வராவிட்டால் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களுக்கு ஏது பிழைப்பு? ஏழெட்டுப் பேர் நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, அந்த பலூன இனிமே விடாதீய. மேகத்தக் குத்திக் குத்தி வெரட்டுதிய. மழ வருமா?" என்றார் முன்னால் நின்றவர்.

"மேகம் ரெண்டு மைலுக்குள்ள இருக்கு. என் பலூன் அதத் தாண்டில்லா போவுது" என்றார் உன் அப்பா.

"தாண்டணும்னா குத்தித்தானே தாண்டணும்?"

உன் அப்பா பெட்டியைத் துடைக்கத் திரும்பிவிட்டார். அவர்கள் திரும்பிப் போகும்போது அந்தப் பெட்டியையும் அவரையும் பார்த்த பார்வையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தி. மறுநாள் காலையில் பலூன் விட வேண்டும். பெட்டியைக் கழுவித் துடைத்து, உலரட்டும் என்று மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே சாய்வு நாற்காலியில் கண் அசந்துவிட்டார். மைதீன் வீட்டுக்குப் போயிருந்தான். நான் ஒரு கை கல்லுப்பும், ஏழு மிளகாய் வத்தலும், முச்சந்தி மண்ணும் எடுத்துக்கொண்டு போய் அவரையும் பெட்டியையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினேன். பெட்டிக்கு மேலே கை போகும்போது கொஞ்சம் சிந்தியது என்று எனக்கே தெரிந்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் விழித்துக்கொள்வாரோ என்று பயந்து போய்விட்டேன். அடுப்பில் போட்டபோது உப்பு வெடித்தது, ஆனால் அத்தனை வத்தலுக்கும் ஒரு கமறல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. அவ்வளவு கண் இருந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் பலூன் நன்றாகவே போனது. பெட்டி சுந்தரபாண்டியபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிணற்றடியில் இறங்கியது. மைதீன் மத்தியானத்துக்குள் கொண்டு வந்துவிட்டான். மூடியைக் கட்டி முடிச்சுப் போட்டிருந்த நூல் அறுந்திருந்தது. உன் அப்பா அதைப் பார்த்தார். தட்டைக் கழுவிய நீரில் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டார். சோதனைக் குழாயில் பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டது. அவர் தேடியது கந்தகம். கிடைத்தது சாதாரண உப்பு, கூடவே மண். அந்த உயரத்துக்கு உப்பு ஏறாது, கடலிலிருந்து கிளம்பினாலும் பாதி வழியில் மழையோடு இறங்கிவிடும் என்று எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் அடுக்களை வாசலில் நின்று குழாயைப் பார்த்தேன். எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பெட்டிய எங்க வச்சுத் தொறந்த?" என்று மைதீனிடம் கேட்டார்.

"நான் தொறக்கல சார். விழுந்த வேகத்துல நூலு அறுந்திருக்கு. கெணத்தடில நாலஞ்சு பேரு நின்னாவ, யாரையும் கிட்ட விடல."

"அப்பம் இந்த உப்பு ஆகாசத்துல இருந்தா வந்துது? வேடிக்க காட்டுனியா? வேர்வக் கையோட தொட்டியா? உள்ளதச் சொல்லு."

"சார், அல்லா மேல ஆணையா நான் தொறக்கல."

ஆணையிடுகிறவன்தான் பொய் சொல்லுவான் என்றார் உன் அப்பா. மகனே, நான் அங்கேயே நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உன் அப்பாவின் கோபத்துக்குப் பயந்தேன் என்று இவ்வளவு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், 'ஒருவேளை அவனும் திறந்திருப்பானோ' என்று என் மனசு ஒரு வழி கண்டுபிடித்தது. நூல் ஏன் அறுந்தது? கிணற்றடியில் நின்றவர்கள் யார்? ஏன் இவ்வளவு வேர்த்து வந்தான்? என் சந்தேகம் எனக்கு ஒத்தாசைக்கு வந்தது. நான் செய்த தப்பை அவன் தலையில் வைக்க இடம் தேடிக் கொடுத்தது. சந்தேகத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்ல நினைப்பது இதுதான். அது கெட்டதல்ல, உன் வேலைக்கு வேண்டியதுதான். ஆனால் அது உன்னை விட்டுவிட்டு எதிரில் இருக்கிறவனிடம் நேராகப் போகிறதென்றால், அதையே முதலில் சந்தேகப்படு.

சிபாரிசுக் கடிதம் போகவில்லை. மைதீன் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, முன்னறைச் சாவியைக் கொடுக்கப் பின்வாசலுக்கு வந்தான். என்னை ஏறெடுத்துப் பார்த்தான். "வாரேன் அக்கா. காரத்தக் கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க" என்றான். நம் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன், என் குழம்பு உறைக்கும் என்று கேலி செய்கிறவன்தான். ஆனால் அன்றைக்கு அவன் எதைச் சொன்னான்? குழம்பையா, வத்தலையா? ஐந்து வருஷம் அந்த ஒரு வாக்கியத்தை நான் போட்டுக் குடைந்தேன். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா, என்றைக்காவது வந்து கேட்பானா என்று அவன் கடை இருக்கிற தெருவுக்கே நான் போனதில்லை. காய்கறிக்குச் சுற்றுவழியில் போனேன். கடைத்தெருவில் அவன் உம்மாவைப் பார்த்தால் முந்தானையைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொள்வேன். சாரல் அந்த ஆனி கடைசியில் கொட்டு கொட்டென்று கொட்டியது. ஊர்க்காரர்கள் பலூனை மறந்துபோனார்கள், மைதீனை மறக்கவில்லை. 'பெட்டி மைதீன்' என்று பெயர் வைத்தார்கள். ரேடியோப் பெட்டியைத் திறந்தால்தானே பழுது பார்க்க முடியும், திறக்கிறவன் என்று பெயர் வாங்கியவனிடம் யார் பெட்டியைக் கொடுப்பார்கள்?

நம் வீட்டில் நடந்தது இதைவிடக் கேவலம். பால் பொங்கி வழிந்தால் 'மைதீன் வேலை'. பேனா மை கொட்டினால் 'யாரோ மைதீன் பண்ணிட்டான்'. முதலில் உன் அப்பா கோபத்தில் சொன்னார், பிறகு பழக்கத்தில் சொன்னார், பிறகு விடுமுறைக்கு வந்த நீயும் பிடித்துக்கொண்டாய். நானும் ஒரு நாள் சொன்னேன். ஆமாம், நானும்தான். பால்காரர் தண்ணீர் கலந்திருந்தார், வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. அந்தச் சொல் வீட்டுக்குள்தானே கிடக்கிறது, யாரை என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். இப்போது அது ரயிலேறி ஹைதராபாத் வரைக்கும் வந்து, பெயர்கூட நீ எழுதாத ஒரு மனிதரின் சோற்றில் கை வைக்கப் பார்க்கிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். உன் கடிதத்தை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "எத்தன சுத்து?" என்று கேட்டார்.

"மூணு."

"மூடி முழுசும் தெறந்திருந்துதா?"

"ஆமா."

"மண்ணு எந்த முச்சந்தி?"

சொன்னேன். பழைய நோட்டை எடுத்து வரச் சொன்னார். அந்த நாளின் பக்கத்தில் 'உதவியாளரின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்ததை அடித்தார். அடித்த இடத்துக்கு மேலே 'வீட்டு உப்பு' என்று எழுதினார். "ஏட்டி, அவன் ஆணையிட்டான்லா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் மைதீன் கடைக்குப் போனேன். சின்னக் கடை, ஒரு மேசை. அவனுக்கு முன்தலையில் முடி உதிர்ந்திருந்தது. எழுந்து நின்றான்.

"வாங்கக்கா. இந்தத் தெருவுக்கு வழி தெரிஞ்சுட்டா?"

"மைதீன், அன்னைக்குக் காரத்தக் கொறச்சுக்கிடுங்கன்னு சொன்னியே, எதுக்குச் சொன்ன?"

உட்காரச் சொல்லி முக்காலியைத் துடைத்துப் போட்டான். "பெட்டியத் தொடைக்கையில பம்புக்கு அடியில ஒரு வத்தல் வெத ஒட்டிட்டு இருந்துது. ஆகாசத்துல வத்தல் காய்க்காதுல்லா" என்றான்.

"சாருட்ட ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா அந்தக் கோவத்துல சாரு உங்கள என்ன சொல்லியிருப்பாவளோ. எனக்கென்ன, ஒத்தக் கட்ட, எங்கன போனாலும் பொழச்சுக்கிடலாம்னு நெனச்சேன்." ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேசையில் நேராக வைத்தான். "நீங்களே சொல்லுவியன்னு ஒரு வாரம் பாத்தேன் அக்கா. பெறகு பாக்கல."

அவன் முகத்தில் ஏளனம் இருக்கிறதா, பழி இருக்கிறதா என்று அப்போதும் தேடினேன். என் புத்தி அப்படி. ஒன்றும் இல்லை. அவன் அந்த ஒரு வாரத்தைத்தான் சொன்னான். நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் விஷயத்தைச் சொன்னதும்தான் நிமிர்ந்தான். "தம்பிக்கு ஒடனே எழுதுங்க. அந்த ஆளுக்கு என் கத வேண்டாம்" என்றான். நேற்று உன் அப்பா குடையை எடுத்துக்கொண்டு தனியாக அவன் கடைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முதல் தடவையாக நான் பின்னாலே போய்ப் பார்க்கவில்லை.

இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் அல்லவா, இனி சொல்லுகிறேன். முதலிலேயே சொல்லியிருந்தால் நீ மீதியைப் படித்திருக்க மாட்டாய், மைதீனைத் தெரிந்துகொண்டிருக்க மாட்டாய் என்றுதான் இவ்வளவு நேரம் பிடித்து வைத்தேன். நீ ஹைதராபாத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த வெள்ளைக் கோட்டைத் தைத்தேன். முன்பின் தெரியாத ஊர், ஹைட்ரஜன், நெருப்பு, யார் கண் எப்படியோ. உன் அப்பாவின் கருகின புருவம்தான் என் கண்ணில் நின்றது. இடது பக்கப் பையின் உள்மடிப்பில் கல்லுப்பையும் கோவில் திருநீற்றையும் துணியில் முடிந்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். மெல்லிய துணி. உப்பு நீர்விட்டுக் கசிந்திருக்கும், பொடிந்து உதிர்ந்திருக்கும். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நீ ஒவ்வொரு தட்டுக்கும் மேலே குனிகிறாய்.

தையலைப் பிரித்துப் பார். அந்த மனிதரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அவர் முன்னால் பிரி. தனியாகப் பிரித்தால் நீயும் என்னைப் போல யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடுவாய் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அம்மா